அன்றாடமும் உச்சமும்: ஃபுனகோஷி, ஓயாமா இருவரின் பயிற்சி முறை – ஓர் ஒப்பாய்வு

கராத்தே வகுப்பில் புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் மாதத்திலேயே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுவார்கள். வாரத்துக்கு எத்தனை நாள் வர வேண்டும்? வந்தால் எவ்வளவு கடுமையாகச் செய்ய வேண்டும்? இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் பல இடங்களில் கிடைக்கிறது: முடிந்தவரை அதிகமாக. கேட்க உற்சாகமாக இருக்கும் இந்தப் பதில், பலரை ஆறே மாதத்தில் வகுப்பிலிருந்து விரட்டிவிடுகிறது. எத்தனை நாள் என்பதும் எவ்வளவு கடுமை என்பதும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைக்கச் சொல்லி உடல் கேட்கும். இவற்றுள் எதை முதலில் முடிவு செய்கிறோம் என்பதைப் பொறுத்தே ஒருவரின் கராத்தே நிலைக்கிறது, அல்லது நின்றுபோகிறது.

20ஆம் நூற்றாண்டில் கராத்தேயை உலகறியச் செய்த ஆசான்களுள் இருவர் இக்கேள்விகளுக்குத் தங்கள் வாழ்க்கையையே விடையாக வைத்தவர்கள். ஒருவர் ஷோட்டோகான் மரபின் தந்தை கிச்சின் ஃபுனகோஷி (1868–1957). மற்றவர் கியோகுஷின் மரபைத் தொடங்கிய மசுதாட்சு ஓயாமா (1923–1994). முன்னவரை நிதானத்துக்கும் பின்னவரை வெறித்தனமான உழைப்புக்கும் அடையாளமாகச் சொல்வது வழக்கம். எத்தனை முறை, எவ்வளவு கடுமை, யாருக்காக, எதைக் கொண்டு அளப்பது என்ற நான்கு கோணங்களில் இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது இந்த வழக்கமான எதிர்நிலை பாதிதான் உண்மை என்று தெரிகிறது. அந்த மறுபாதியில்தான் இன்று பயிற்சி செய்கிறவருக்கு வேண்டிய பாடம் இருக்கிறது.

ஒரே வேர்

இருவரையும் ஒப்பிடப் பொதுவான நிலம் நிறையவே இருக்கிறது. ஃபுனகோஷி ஒகினாவாத் தீவின் ஷூரியில் பிறந்தவர். அன்கோ அசாட்டோ, அன்கோ இட்டோசு ஆகிய இரு ஆசான்களிடம் பயின்றவர். தொழிலால் பள்ளி ஆசிரியர். 1922இல் கல்வி அமைச்சகத்தின் உடற்பயிற்சிக் கண்காட்சியில் கராத்தேயைச் செய்துகாட்ட டோக்கியோ சென்றவர், அங்கேயே தங்கிவிட்டார். ஓயாமா கொரியாவில் பிறந்து பதின்வயதில் ஜப்பானுக்கு வந்தவர். டோக்கியோவில் ஃபுனகோஷியின் பயிற்சிக்கூடத்தில்தான் அவருடைய கராத்தே தொடங்கியது. பிறகு கோஜு-ரியூ மரபுக்குப் போனார். கடைசியில் தனக்கென ஒரு மரபை அமைத்தார்.

இருவரின் பாடத்திட்டமும் ஒரே இடத்திலிருந்து கிளைத்திருக்கிறது. கியோகுஷின் மாணவர் கற்கும் பினான் கட்டாக்கள் (தனியாகச் செய்யும், வரிசை வகுத்த அசைவுத் தொடர்கள்) இட்டோசு வகுத்தவை. அவையே ஷோட்டோகானில் ஹெய்யான் என்ற பெயரில் கற்பிக்கப்படுகின்றன. தொடக்க நிலை மாணவர்கள் இருவரை, ஒரு மரபுக்கு ஒருவராக எடுத்து நிறுத்தினால், கட்டாவில் அவர்கள் எடுத்துவைக்கும் அடிகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். எனவே பயிற்சியின் அளவில் இவ்விருவருக்கும் இடையே காணப்படும் வேறுபாட்டை மூலத்தின் மேல் ஏற்ற முடியாது. அது ஆசான்கள் தெரிந்தே எடுத்த முடிவு.

பொது மூலமான இட்டோசு, பயிற்சியின் அளவைப் பற்றி எழுத்திலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கராத்தேயைப் பள்ளிகளில் சேர்க்கக் கோரி 1908இல் அவர் எழுதிய பத்து அறிவுரைகள் கொண்ட கடிதம் கராத்தே வரலாற்றின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்று. அதில் ஓர் அறிவுரை, நாள்தோறும் ஒன்றிரண்டு மணி நேரம் ஒழுங்காகப் பயின்றால் மூன்று நான்கு ஆண்டுகளில் உடலே மாறிவிடும் என்கிறது. இன்னொன்று இதற்கு எல்லை கட்டுகிறது. தன் உடல் வலுவுக்கு மீறி முக்கிப் பயின்றால் முகம் சூடேறி, கண் சிவந்து, உடலுக்குக் கேடே விளையும் என்று எச்சரிக்கிறது. அன்றாடம் செய், ஆனால் அளவோடு செய் என்ற இந்த இரட்டை அறிவுரையின் முதல் பாதியை ஃபுனகோஷி, ஓயாமா இருவருமே எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் பாதியில்தான் பிரிந்தார்கள்.

ஃபுனகோஷி: விடாத பயிற்சி

சிறு வயதில் ஃபுனகோஷி நோஞ்சான். உடல்நலம் தேறட்டும் என்றே கராத்தேக்குள் நுழைந்தார். அன்று ஒகினாவாவில் கராத்தே வெளிப்படையாகக் கற்பிக்கப்படவில்லை. இரவு நேரத்தில் அசாட்டோவின் வீட்டுக்கு நடந்து போவார். முற்றத்தில் மங்கலான விளக்கு வெளிச்சம். ஆசான் திண்ணையில் அமர்ந்திருப்பார். மாணவன் ஒரு கட்டாவைச் செய்து முடித்ததும் ஆசான் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரே கட்டளைதான்: இன்னொரு முறை. எங்கே பிழை என்ற விளக்கம் எளிதில் கிடைக்காது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அதே கட்டா. ஆசான் எப்போதாவது நன்று என்று ஒரு சொல் சொன்னால் அதுதான் உச்சப் பாராட்டு. இந்த இளைஞன் இரவுதோறும் எங்கே போய் வருகிறான் என்று அக்கம்பக்கத்தார் தவறாகப் பேசிக்கொண்டதையும் ஃபுனகோஷி தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்.

இட்டோசுவிடம் மூன்று தெக்கி கட்டாக்களைக் கற்க மட்டும் தனக்குப் பத்து ஆண்டு பிடித்தது என்கிறார் ஃபுனகோஷி. தெக்கியை ஒருமுறை செய்துமுடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. குதிரை மேல் அமர்ந்ததுபோல் கால்களை அகட்டி, முழங்கால்களை மடக்கி, பக்கவாட்டில் மட்டும் நகரும் கட்டா அது. பாய்ச்சல் இல்லை, உயரமான உதை இல்லை. பார்க்கிறவருக்கு மிக எளிது. செய்கிறவருக்குத்தான் தெரியும்: அடி நகரும் அந்தக் கணத்தில் இடுப்பு உயர்ந்துவிடும், உள்ளே சரியும் முழங்கால் குத்தின் விசையை விழுங்கிவிடும், தோள் தூக்கிக்கொள்ளும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும். இந்தச் சிறு பிழைகள் ஒருநாள் மூச்சுமுட்டப் பயின்றால் போகிறவை அல்ல. களைத்துப்போன உடல் பிழையோடுதான் செய்யும். அதே பிழை திரும்பத் திரும்பச் செய்யப்பட்டுப் பழக்கமாகவும் ஆகிவிடும். களைப்பதற்கு முன் நிறுத்தி, மறுநாள் தெளிந்த உடலோடு வந்து மறுபடி செய்பவருக்குத்தான் அவை வசப்படும்.

ஃபுனகோஷி பிற்காலத்தில் மாணவர்களுக்கென இருபது நெறிகளை வகுத்தார். அவற்றுள் இரண்டு பயிற்சியின் கால அளவைப் பற்றியவை. கராத்தே பயிற்சிக்கு ஆயுள் முழுதும் முடிவில்லை என்பது ஒன்று. கராத்தே சுடுநீர் போன்றது, இடைவிடாமல் சூடேற்றாவிட்டால் ஆறிப்போகும் என்பது மற்றொன்று. இதில் எவ்வளவு பெரிய தீ மூட்ட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. தீ அணையக் கூடாது என்பது மட்டுமே அவர் கவலை. டோக்கியோவில் முதல் சில ஆண்டுகள் ஒகினாவா மாணவர் விடுதியொன்றில் காவலாளியாகவும் தோட்டம் பெருக்குகிறவராகவும் வேலை பார்த்துக்கொண்டே கற்பித்தார். ஐம்பதைக் கடந்த வயது, கையில் காசில்லை, மாணவர்களும் சொற்பம். அந்த நிலையிலும் நின்றுவிடாத பயிற்சி முறை என்றால், ஏழ்மை, முதுமை, வேலைப்பளு மூன்றையும் தாங்கும் அளவில் அது இருந்தது என்று பொருள்.

ஓயாமா: எல்லையைத் தொடும் பயிற்சி

ஓயாமாவைச் சுற்றிக் கதைகள் அதிகம். 1970களில் அவர் வாழ்க்கையை வைத்து வெளிவந்த சித்திரக்கதைத் தொடர் அவற்றை இன்னும் பெருக்கிவிட்டது. கதைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் எஞ்சுவது அசாதாரணம்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மினோபு மலையிலும் பின்னர் கியோசுமி மலையிலும் தனித்திருந்து பயின்றார். மலையை விட்டு இறங்கும் ஆசை வரக்கூடாது என்பதற்காக ஒரு புருவத்தை மழித்துக்கொண்டார். உடன் வந்த மாணவர் தனிமையைத் தாங்க முடியாமல் பாதியில் போய்விட்டார். கியோசுமியில் சுமார் 18 மாதம், நாளொன்றுக்கு 12 மணி நேரம் பயின்றதாக அவர் மரபினர் சொல்கிறார்கள். விடியலுக்கு முன் எழுந்து மலைச்சரிவில் ஓட்டம், பாறைகளைத் தூக்குதல், மரத்தைக் குத்துதல், அருவியின் கீழ் தியானம், திரும்பத் திரும்பக் கட்டா என்று நாள் போயிருக்கிறது.

1964இல் டோக்கியோவின் இக்கெபுக்குரோ பகுதியில் கியோகுஷின் தலைமையகம் திறக்கப்பட்டது. அங்கே ஆசானோடு தங்கிப் பயிலும் மாணவர்களுக்கு 1000 நாள் திட்டம் வகுக்கப்பட்டது. காலை ஓட்டம், துப்புரவு வேலை, நாளில் பலமுறை வகுப்பு, இரவில் விடுதி ஒழுங்கு. பலர் பாதியில் வெளியேறினார்கள். முடித்தவர்கள் உலகெங்கும் ஆசான்களாகப் போனார்கள். 1969இல் முதல் அனைத்து ஜப்பான் திறந்தநிலைப் போட்டியும், 1975இல் முதல் உலகப் போட்டியும் நடந்தன. கையுறையும் காப்பும் இல்லாமல், முகத்தில் கையால் குத்துவது போன்ற சிலவற்றை விலக்கி, மற்றபடி முழு விசையோடு அடிக்கும் முறை அது. எதிராளி விழுந்தால் வெற்றி.

இந்த முறையின் உச்சம் நூறு பேருடன் சண்டை. ஒருவர் நடுவில் நிற்க, ஒருவர்பின் ஒருவராக நூறு சுற்று எதிராளிகள் வருவார்கள். சுற்று ஒன்றரை அல்லது இரண்டு நிமிடம். அடுத்தவர் ஓய்வெடுத்த உடலோடு வருவார். நடுவில் இருப்பவருக்கு ஓய்வு இல்லை. 1965இல் ஸ்டீவ் ஆர்னீல் இதை முடித்தார். 1986இல் அகியோஷி மட்சுய், 1995இல் பிரேசில்காரர் ஃபிரான்சிஸ்கோ ஃபில்யோ என்று முடித்தவர்கள் மிகச் சிலரே. தொடையில் விழும் தாழ்ந்த உதைகள்தான் இதில் கொடுமை. முதல் பத்துச் சுற்றில் அவை வலியாக இருக்கும். முப்பதாவது சுற்றுக்குள் தசை வீங்கி இறுகி, கால் மடங்க மறுக்கும். அறுபதைத் தாண்டினால் நுட்பம் என்று எதுவும் மிஞ்சாது. பழக்கத்தில் ஊறிப்போன இரண்டு மூன்று அசைவுகளும் விழுந்துவிட மாட்டேன் என்ற உறுதியும் மட்டும் நிற்கும். இறுதிவரை எஞ்சும் அந்த அசைவுகள் எவை என்று கண்டுகொள்வதுதான் ஓயாமா வைத்த தேர்வின் சாரம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

எத்தனை முறை: ஒன்றுபடும் இடம்

இருவரின் வழிகளும் முற்றிலும் வேறு என்று தோன்றும் இந்த இடத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இட்டோசு சொன்ன மூன்று நான்கு ஆண்டுகளை மணி நேரமாக்கினால், குறைந்தது சுமார் 1,100 மணி, கூடினால் சுமார் 2,900 மணி. நாளுக்கு ஒரு மணி வீதம் பத்தாண்டு தெக்கி பயின்றால் 3,650 மணி. கியோசுமி மலையில் 18 மாதம், நாளுக்கு 12 மணி என்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் சுமார் 6,500 மணி. நாளுக்கு ஒரு மணி பயில்கிறவர் அந்த அளவை எட்ட 18 ஆண்டு ஆகும். ஓயாமா அந்த ஆண்டுகளைச் சுருக்கினார், அவ்வளவே. நாள்களை விடவில்லை. கராத்தேயில் ஒருவர் தொடக்கக்காரர் ஆக 1000 நாளும், தேர்ந்தவர் ஆக 10,000 நாளும் வேண்டும் என்பது அவர் மாணவர்களுக்கு வைத்த அளவுகோல். 17ஆம் நூற்றாண்டு வாள்வீரர் மியமோட்டோ முசாஷியின் சிந்தனையிலிருந்து வந்தது அது. 10,000 நாள் என்றால் ஒருநாளும் தவறாமல் பயின்றாலும் 27 ஆண்டுகளுக்கு மேல். கடுமையின் உருவமாக நாம் நினைக்கும் மனிதர் மாணவனை அளந்தது நாள்களால்தான். எத்தனை குத்து, எத்தனை சண்டை என்பதெல்லாம் அந்த நாள்களுக்குள் அடங்கியவை.

இந்த அளவுகோலை நம் ஊர் வகுப்புகளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் வருகிற மாணவருக்கு ஆண்டுக்குச் சுமார் 104 மணி நேரம் கிடைக்கும். இட்டோசுவின் குறைந்தபட்ச அளவைத் தொடவே பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். வாரம் மூன்று நாள் வருகிறவர் ஓயாமாவின் முதல் 1000 நாளை முடிக்க ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும். அவருடைய 10,000 நாளை எட்ட 64 ஆண்டு. வகுப்புக்கு வருவது மட்டுமே பயிற்சி என்றால் கணக்கு ஒருபோதும் ஒத்துவராது. வீட்டில் தனியாகச் செய்யும் அன்றாடப் பயிற்சிதான் அந்த இடைவெளியை அடைக்கும். இரு ஆசான்களும் ஒரே குரலில் சொல்லும் செய்தி இது. பலரும் கவனிக்காமல் விடும் செய்தியும் இதுதான்.

எவ்வளவு கடுமை: பிரியும் இடம்

வேறுபாடு ஒவ்வொரு நாளின் கடுமையில் இருக்கிறது. அதற்குக் காரணம் அவர்கள் யாருக்காகக் கற்பித்தார்கள் என்பது.

இட்டோசு பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதினார். ஃபுனகோஷி பள்ளி ஆசிரியராக இருந்து அந்த வழியில் வந்தவர். எந்த வயதினரும், எந்த உடல்வாகு உள்ளவரும் தொடர்ந்து செய்ய வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அப்படிப்பட்டவர்களுக்கு, நாளை மறுபடி வர முடியாத அளவு இன்று களைப்பது தோல்வி. தடையில்லாச் சண்டையையும் அவர் ஊக்குவிக்கவில்லை. 1920களின் இறுதியில் டோக்கியோ பல்கலைக்கழக மாணவர்கள் காப்புக்கவசம் அணிந்து சண்டை பயிலத் தொடங்கியபோது மனம் ஒப்பாமல் அந்தக் குழுவிலிருந்தே விலகினார்.

ஓயாமா தேர்ந்தெடுத்த இளைஞர்களைக் கொண்டு தொடங்கினார். இளம் உடல்கள், பயிற்சியையே மையமாகக் கொண்ட வாழ்க்கை. மோதலில் நிற்க முடியாத கராத்தேயை அவர் கராத்தே என்றே ஏற்கவில்லை. அவருக்கு நாளின் முடிவில் மாணவன் களைக்காமல் இருப்பதுதான் தோல்வி.

இரு மரபுகளும் காலப்போக்கில் ஒன்றையொன்று நெருங்கின என்பதும் கவனிக்க வேண்டியது. ஃபுனகோஷியின் மகன் யோஷிதாகா நிலைகளைத் தாழ்த்தி, உதைகளைக் கூட்டி, பயிற்சியைக் கடுமையாக்கினார். மசட்டோஷி நகயாமாவின் தலைமையில், ஷோட்டோகான் மரபின் ஜப்பான் கராத்தே கழகம் 1956இல் பயிற்றுநர் வகுப்பு தொடங்கியது. கல்லூரிக் குழுக்களின் கோடைமுகாம்களும் ஜனவரிக் குளிரில் அதிகாலைப் பயிற்சிகளும் எவ்வகையிலும் மென்மையானவை அல்ல. ஃபுனகோஷி மறைந்த 1957ஆம் ஆண்டிலேயே அக்கழகம் முதல் அனைத்து ஜப்பான் போட்டியை நடத்தியது. அந்தச் சண்டைப் பிரிவில் கை எலும்பு முறிந்த நிலையில் வென்றவர் ஹிரோகாசு கனசாவா. மறுபக்கம், கியோகுஷின் கட்டாவை விடவில்லை. கோஜு-ரியூவிலிருந்து வந்த சாஞ்சின், டென்ஷோ போன்ற மூச்சுக் கட்டாக்களைப் பெல்ட் தேர்வில் இன்றும் கேட்கிறார்கள். அன்றாடத்தில் தொடங்கியவர்களுக்கு உச்சம் தேவைப்பட்டது. உச்சத்தில் தொடங்கியவர்களுக்கு அன்றாடம் தேவைப்பட்டது.

உடலின் தரப்பு

இன்று விளையாட்டு மருத்துவம் சொல்வதை இந்த ஒப்பீட்டில் சேர்த்தால் சித்திரம் தெளிவாகும்.

நுட்பத்தைப் பொறுத்தவரை தீர்ப்பு ஃபுனகோஷியின் பக்கம். அசைவைக் கற்பதில், ஒரே நாளில் குவித்துச் செய்வதைவிட அதே நேரத்தைப் பல நாள்களுக்குப் பிரித்துச் செய்தால் நெடுநாள் நிலைக்கிறது. சனிக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் பயில்வதைவிட, ஆறு நாள் அரை மணி நேரம் பயில்வது மேல். இடையில் வரும் உறக்கத்திலும் மூளை அசைவை நிலைப்படுத்துகிறது.

தாங்கும் திறனைப் பொறுத்தவரை தீர்ப்பு ஓயாமாவின் பக்கம். எல்லையருகே போகாமல் இதயமும் நுரையீரலும் தசையும் உயர்ந்த நிலைக்கு வருவதில்லை. அடிபடும் அச்சத்தைத் தாங்கும் மனமும் கட்டாவால் மட்டும் வருவதில்லை. கடுமை தேவை. ஆனால் அதற்கு விலை உண்டு. முழு விசையோடு பயின்ற தசை தேற ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் தசையைவிட மெதுவாக வலுப்பெறுகின்றன. தசை தயாராகிவிட்டது என்று நம்பி விசையைக் கூட்டுகிறவரின் குதிகாலும் முழங்காலும் முதலில் புண்படுவது இதனால்தான். தலையில் விழும் உதைகளுக்கோ ஓய்வுகூட முழு மருந்தாகாது. மூளை அதிர்ச்சிகளின் விளைவு சேர்ந்துகொண்டே போகும்.

நூறு பேர் சண்டையை முடித்தவர்களுள் சிலர் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அளவுக்கு மீறி நசுங்கியும் உழைத்தும் சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. வெப்பமும் நீரிழப்பும் சேர்ந்தால் அபாயம் கூடும். சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டைமாடி வகுப்பில் ஆயிரம் தண்டால் என்று சவால் விடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். அது வைராக்கியத்தைக் காட்டும் நேரம் அல்ல.

இங்கே ஒரு தவறான ஒப்பீட்டையும் விலக்க வேண்டும். ஃபுனகோஷி 88 வயது வாழ்ந்தார், ஓயாமா 70 வயதில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார், எனவே மிதமே ஆயுளைக் கூட்டும் என்று சிலர் வாதிடுவதுண்டு. இரண்டு ஆயுள்களை வைத்துப் பயிற்சி முறைக்குத் தீர்ப்பு எழுத முடியாது. பார்க்க வேண்டியது அந்த முறை எத்தனை வகை மனிதர்களை எத்தனை ஆண்டு தாங்கியது என்பதை. அந்த அளவில் ஃபுனகோஷியின் முறை பரந்தது. ஓயாமாவின் முறை குறுகியது, ஆனால் ஆழமானது.

ஒவ்வொன்றிலும் உள்ள குறை

அன்றாடம் மிதமாகப் பயிலும் முறைக்கு ஒரு நோய் உண்டு. பயிற்சி சடங்காகிவிடும். மூச்சு மாறாமல், வியர்வை துளிர்க்காமல், இருபது ஆண்டு ஒரே கட்டாவைச் செய்துகொண்டே போகலாம். அடி வாங்காதவருக்குத் தன் தடுப்பு எங்கே திறந்திருக்கிறது என்று தெரிய வாய்ப்பில்லை. தினமும் செய்கிறோம் என்ற திருப்தியே தேர்ச்சி இல்லாததை மறைத்துவிடும். அசாட்டோ போல் திண்ணையில் அமர்ந்து இன்னொரு முறை என்று கேட்க ஒருவர் இல்லாவிட்டால் அன்றாடம் வெறும் வழக்கமாகச் சுருங்கிவிடுகிறது.

உச்சத்தைத் தேடும் முறையின் நோய் இன்னும் கொடியது, ஏனென்றால் அது வீரம்போல் தோன்றும். ஓயாமாவின் கடுமையைப் படித்துக் கிளர்ந்தவர்கள் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு அடியில் இருந்த நாள்களை எடுத்துக்கொள்வதில்லை. வாரம் இருமுறை வருகிற பையனை முழு விசைச் சண்டையில் இறக்குவது, வந்த முதல் வாரத்திலேயே கைமுட்டியால் ஓடு உடைக்கச் சொல்வது, மயங்கி விழும்வரை குந்தி எழச் செய்வது எல்லாம் ஓயாமாவின் வழி ஆகாது. அவர் கடுமை, நாள்தோறும் பல மணி நேரம் பயின்று இறுகிய உடலின் மேல் வைக்கப்பட்ட சோதனை. சோதனையை மட்டும் வைத்துவிட்டுப் பாடத்தை விட்டுவிடும் வகுப்புகளில் புண்படுகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள்தான். வளரும் வயதில் எலும்பின் வளர்முனைகள் இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. கைமுட்டியை மகிவாரா என்ற குத்துப்பலகையில் இறுக்குவதும் தொடைக்கு முழு உதை வாங்குவதும் அந்த வயதுக்குப் பொருந்தாது. எந்த ஆசானின் பெயரைச் சொல்லியும் இதை நியாயப்படுத்த முடியாது.

நமக்கு எது?

ஒப்பீடு தரும் முடிவு இது. இரு ஆசான்களும் எதில் ஒன்றுபடுகிறார்களோ அதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். எதில் வேறுபடுகிறார்களோ அதை அவரவர் வயது, வேலை, நோக்கம் பார்த்து அளந்து சேர்க்க வேண்டும். அன்றாடம் பயில்வதில் ஒன்றுபடுகிறார்கள். எனவே அது எல்லோருக்கும் பொது. கடுமையில் வேறுபடுகிறார்கள். எனவே அது ஆளுக்கு ஆள் மாற வேண்டியது.

பத்து வயதுப் பிள்ளைக்கு வாரம் இரண்டு மூன்று வகுப்பு, வீட்டில் நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கட்டா போதும். முழு விசை அடியும் தலை உதையும் வேண்டாம். பல நாள் வர ஆசைப்படுவதுதான் அந்த வயதில் வெற்றி.

போட்டிக்குத் தயாராகும் இருபது வயதுக்காரர் ஆறு நாள் பயிலலாம். அவற்றுள் கடும் நாள்கள் இரண்டு, மிஞ்சினால் மூன்று. அவை அடுத்தடுத்து வராமல் இடையில் கட்டாவும் அடிப்படை அசைவுகளும் நீட்டிப் பயிலும் நாள்கள் வர வேண்டும். நெடுந்தொலைவு ஓட்டம், துடுப்புப் படகு போன்ற தாங்குதிறன் விளையாட்டுகளின் உச்ச வீரர்களை ஆராய்ந்தவர்கள், அவர்கள் பயிற்சி நேரத்தின் பெரும்பங்கை மிதமாகவும் சிறுபங்கை மிகக் கடுமையாகவும் கழிப்பதைக் கண்டிருக்கிறார்கள். கராத்தேக்கும் அந்த விகிதம் பொருந்தும். முழு விசைச் சண்டை வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். காலை எழுந்ததும் நாடித் துடிப்பை எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால் அன்று கடுமை வேண்டாம்.

வேலைக்குப் போகும் நாற்பது வயதுக்காரருக்கு ஃபுனகோஷியே வழிகாட்டி. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. மூன்று வகுப்போடு நாள்தோறும் இருபது நிமிடம் வீட்டில் பயின்றால் அந்த வரம்பு நிறைந்துவிடும். ஆனால் மாதம் ஒருமுறையாவது தன் எல்லையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரே கட்டாவை முழு விசையோடு இருபது முறை செய்வது, அல்லது தன்னைவிட இளையவரோடு சில சுற்று விசை குறைத்துச் சண்டை போடுவது போதும். அந்த ஒரு நாள், மற்ற நாள்கள் சடங்காகிவிடாமல் காக்கும்.

அறுபதைக் கடந்தவருக்கும் இதே விதிதான். நாள்களைக் குறைக்க வேண்டாம், விசையைக் குறைத்துக்கொள்ளலாம். முழங்கால் மடங்குகிற அளவுக்கு நிலையை உயர்த்தி, உதையை இடுப்புக்குக் கீழே வைத்துக்கொண்டு, கட்டாவைத் தொடரலாம்.

எனக்கு இதில் ஐயமில்லை: கராத்தேயில் முதலில் நிலைநிறுத்த வேண்டியது நாள்களை. கடுமை அந்த நாள்களின் மேல், அவை தாங்கும் அளவுக்கு, இடைவெளி விட்டு வைக்க வேண்டியது. வரிசை மாறினால் இருவரின் முறையுமே பலன் தராது. அடுத்த வகுப்பில் மாஸ்டரிடம் எவ்வளவு கடுமையாகச் செய்யட்டும் என்று கேட்பதற்கு முன், நாளைக் காலை எந்தக் கட்டாவை, எந்த இடத்தில், எத்தனை நிமிடம் செய்யப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிடுங்கள். அந்த முடிவை மூன்று மாதம் காப்பாற்றிய பிறகு கடுமையைக் கூட்டினால், அதைத் தாங்க உடலும் தயாராக இருக்கும்.